ஆறாவது இன்னிங்ஸில் ஒரு துளை

என் மேசையின் மேல் இழுப்பறையில் பச்சை அட்டை போட்ட ஸ்கோர் புத்தகம் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு தாளை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் நடுவில் மிளகளவு வெளிச்சம் தெரியும். பூச்சி அரித்ததல்ல, அழிறப்பரால் நானே தேய்த்துத் தேய்த்து உண்டாக்கிய துளை. அந்தத் தாளின் தலைப்பில் "மே முதலாவது ஞாயிறு, இரண்டாவது ஆட்டம், மேகமூட்டம், மைதானம் ஈரம்" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. துளை விழுந்த கட்டம் ஆறாவது இன்னிங்ஸுக்கு உரியது. அங்கே முதலில் ஒன்றை எழுதினேன். இரண்டு மணி நேரம் கழித்து, ஓடும் ரயிலில் வைத்து, அதை அழித்துவிட்டு வேறொன்றை எழுதினேன். அழிக்கச் சொன்னவள் என் மருமகள், தங்கையின் மகள். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது.

நான் திகதிகளோடு வாழ்கிற ஆள். லண்டனுக்கு வந்த நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். குட்மேய்ஸ் வீட்டின் திறப்பு கைக்கு வந்த நாள், கவுன்சில் வேலைக்குச் சேர்ந்த நாள், தங்கை குடும்பம் நெதர்லாந்திலிருந்து சாமான்களோடு வந்து இறங்கிய நாள் எல்லாம் அதில் உண்டு. எங்கள் பாடசாலையின் பழைய மாணவர் கிரிக்கெட் அணிக்குப் பல கோடைகாலங்கள் ஸ்கோர் எழுதியவன் நான். பழைய ஆட்டம் ஒன்றைப் பற்றி இரண்டு பேர் வாக்குவாதப்பட்டால் மூன்றாமவர் எனக்குத் தொலைபேசி எடுப்பார். தங்கையின் கணவருக்கு இதெல்லாம் வேடிக்கை. வீட்டில் யாராவது ஒரு பிறந்தநாளை மறந்தால் "அரசாங்க வர்த்தமானியைக் கேளுங்கோ" என்று என் பக்கம் கையைக் காட்டுவார். நான் இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பேஸ்பால் ஸ்கோர் புத்தகம் என் மடிக்கு வந்தபோது, எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் பிழை தொடங்கியது.

மருமகள் பேஸ்பால் பழகியது நெதர்லாந்தில். அவர்கள் குடியிருந்த தொடர்மாடிக்குப் பின்னால் ஒரு பேஸ்பால் மைதானம் இருந்தது. எட்டு வயதில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றவளை யாரோ உள்ளே கூப்பிட்டு ஒரு கையுறையைக் கொடுத்திருக்கிறார்கள். லண்டனுக்கு வந்தபோது அவளுக்குப் பதின்மூன்று. இங்கே பள்ளிக்கூடத்தில் அந்த விளையாட்டைப் பற்றிக் கேட்டவளை எல்லாரும் விநோதமாகப் பார்த்தார்கள். நாலு வருடம் வீட்டுப் பின்வளவில் பழைய மெத்தை ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்து அதற்கு எறிந்துகொண்டிருந்தாள். பந்து மெத்தையில் மோதும் சத்தம், இரண்டு வீடு தள்ளியிருந்த என் வீட்டுக்குக் கேட்கும். பதினேழாவது வயதில், நகரத்தின் மேற்குக் கோடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடும் ஒரு கழகத்தைத் தானே தேடிக் கண்டுபிடித்தாள். அதில் அநேகமாக எல்லாரும் ஆண்கள். வேலைக்காகவும் படிப்புக்காகவும் லண்டனுக்கு வந்து, தங்கள் ஊர் விளையாட்டை விட மனமில்லாதவர்கள். அவள் பெண் என்பதைப் பற்றி இரண்டு வாரம் பேசினார்கள். பிறகு அவளுடைய பந்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

அந்தப் பந்தில் வேகம் இல்லை. பிட்சர் என்றால் பந்து எறிபவர்; கிரிக்கெட்டின் பந்துவீச்சாளருக்கு ஒப்பானவர், ஆனால் பந்து நிலத்தில் குத்தாமல் நேராக மட்டைக்காரரிடம் போகவேண்டும். நல்ல பிட்சர் என்றவுடன் எல்லாரும் வேகத்தைத்தான் எதிர்பார்ப்பார்கள். அவளுடைய பந்து சோம்பலாக வருவது போல வந்து, கடைசி இரண்டு அடியில் படி இறங்குவது போல இறங்கும். மட்டை அதற்கு மேலே காற்றை வெட்டிக்கொண்டு போகும். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் உதடு மட்டும் அசைய டச்சு மொழியில் மூன்று வரை எண்ணுவாள். ஏன் தமிழில் எண்ணுவதில்லை என்று ஒருமுறை கேட்டேன். தமிழில் எண்ணினால் அம்மா கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்றாள்.

தனியாக அவ்வளவு தூரம் போகவேண்டாம் என்று தங்கை சொன்னதால்தான் நான் கூடப் போகத் தொடங்கினேன். உட்கார ஒரு மடக்குக் கதிரை, ஒரு தேநீர்ப் போத்தல், வாசிக்க ஒரு புத்தகம், தங்கை கட்டித் தந்த ஆட்டிறைச்சி ரோல்ஸ். மூன்றாவது வாரம் ஸ்கோர் எழுதுபவர் வரவில்லை. பென்சிலோடு இருந்த ஒரே மனிதன் நான். பயிற்சியாளர் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அவர் ஜப்பானியர், பல் வைத்தியர், ஒரு நாளைக்கு இருபது சொல்லுக்கு மேல் பேசாதவர். அன்றிலிருந்து புத்தகம் என் பொறுப்பு. ஞாயிறு பென்சிலால் எழுதுவேன். திங்கள் மாலை வீட்டில் சரிபார்த்துச் சுத்தப் பிரதி எடுப்பேன். செவ்வாய் காலை அதைப் படம் பிடித்துப் பயிற்சியாளருக்கு அனுப்புவேன். ஒரு செவ்வாய்கூடத் தவறியதில்லை.

முதல் இரண்டு கோடையும் மருமகள் இடையில் வந்து எறிபவளாகவே இருந்தாள். தொடங்கியவர் களைத்துப்போனால், அல்லது அடி வாங்கினால், அவளைக் கூப்பிடுவார்கள்; அதற்குள் எதிரணியினர் சிலர் ஓட்டத்தின் பாதி வழியில், தளங்களில் வந்து நிற்பார்கள். ஸ்கோர் தாளின் அடியில் பிட்சர்களின் பெயர்களுக்கு நாலு வரி இருக்கும். அவள் பெயர் எப்போதும் இரண்டாவது வரியில், சில நாள் மூன்றாவதில். ஒருநாள் ரயிலில் அந்த வரிகளை விரலால் தடவிக்கொண்டு அவள் சொன்னாள்: "மாமா, நான் போகேக்க எப்பவும் தளத்தில ஆரோ நிக்கினம். ஒருக்காவது ஒருத்தரும் இல்லாத மைதானத்தில தொடங்கவேணும். என்ர பேர் முதல் வரியில வரவேணும்." அவள் எதையும் வாய்விட்டுக் கேட்டு நான் அறிந்ததில்லை. அன்றிரவு நாட்குறிப்பில் அந்த வாக்கியத்தை அப்படியே எழுதி வைத்தேன்.

எங்கள் கழகம் ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு ஆட்டம் ஆடும். ஆகவே தொடக்க பிட்சர்கள் இரண்டு பேர் வேண்டும். முதல் ஆட்டம் ஓர் அமெரிக்க ஆசிரியருக்கு, அதில் மாற்றமில்லை. இரண்டாவது ஆட்டத்தைத் தொடங்கும் இடம் மூன்றாவது கோடையில் காலியானது. அதற்கு இரண்டு பேர். ஒன்று மருமகள். மற்றது டொரோண்டோவில் பிறந்து வளர்ந்து, லண்டனில் மேற்படிப்புக்கு வந்திருந்த ஒரு தமிழ்ப் பொடியன். ஆறடி உயரம், நல்ல வேகம், பார்த்த முதல் நாளே என்னை "அங்கிள்" என்று கூப்பிட்டு ரோல்ஸில் இரண்டை எடுத்துக்கொண்டவன். அவ்வளவு பெரிய மைதானத்தில் எங்கள் மூன்று பேருக்கு மட்டும் விளங்கும் ஒரு மொழி இருந்தது. அவனை டொரோண்டோத் தம்பி என்றுதான் வீட்டில் சொல்வோம். தங்கைக்கு அவனைப் பிடித்துப்போனது. அவனுக்கென்று தனியாக ரோல்ஸ் கட்டித் தந்தாள், போட்டி தொடங்கும் வரை.

பயிற்சியாளரின் ஏற்பாடு எளிமையானது. நாலு ஞாயிறு, மாறி மாறி ஆளுக்கு இரண்டு ஆட்டம். பிறகு புத்தகத்தைப் பார்ப்பேன், யார் தன் தவறால் குறைந்த ஓட்டங்களைக் கொடுத்தாரோ அவர் கோடை முழுவதும் தொடங்குவார் என்றார். தன் தவறால் என்பதுதான் அதில் முக்கியம். கிரிக்கெட்டில் ஒருவர் கையில் வந்த பந்தைக் கோட்டைவிட்டால் ஸ்கோர் புத்தகத்துக்கு அது தெரியாது; ஓட்டம் பந்துவீச்சாளரின் தலையில் விழும், நாங்கள் எல்லாரும் நாகரிகமாகப் பேசாமல் இருப்போம். பேஸ்பாலில் அப்படியில்லை. பிடித்திருக்கவேண்டிய பந்தைப் பிடிக்காதவரின் இட எண்ணோடு "எரர்" என்று எழுதவேண்டும். அதனால் வந்த ஓட்டம் பிட்சர் கணக்கில் சேராது. பிடிக்கவே முடியாத பந்தென்றால் அது "ஹிட்", ஓட்டம் பிட்சருடையது. எது எது என்று தீர்மானிப்பது ஸ்கோர் எழுதுபவரின் கண்.

எனக்கு இது தெரியாமலில்லை. வாசித்திருந்தேன். ஆனால் ஒரு மனிதனின் பெயருக்கு நேரே பிழை என்று எழுத என் கை எழும்பவில்லை. இரண்டு கோடையும் சந்தேகமானதையெல்லாம் ஹிட் என்றே எழுதிவந்தேன். ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் அதுவரை புத்தகத்தை நம்பி எதுவும் முடிவானதில்லை. போட்டியின் முதல் ஞாயிறு டொரோண்டோத் தம்பி எறிந்தான். வெளிமைதானத்தில் இரண்டு பேர் சுலபமான பந்துகளைத் தவறவிட்டார்கள். நான் வழக்கம் போல இரண்டையும் ஹிட் என்று எழுதி, செவ்வாய் அனுப்பினேன். அடுத்த ஞாயிறு பயிற்சியாளர் என் கதிரைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, அந்த இரண்டு கட்டங்களையும் விரலால் தொட்டு, பிடிக்காதவரை நீங்கள் மன்னித்தால் எறிந்தவரைத் தண்டிக்கிறீர்கள் என்றார். அன்றைய இருபது சொல்லில் பாதி அதிலேயே போனது. இரண்டையும் எரர் என்று திருத்தினேன். என் நாகரிகம் இவ்வளவு காலமும் யார் யாருக்கு அநியாயம் செய்திருக்கும் என்று அன்று முழுதும் யோசித்தேன். இனிக் கண்டிப்பாக எழுதுவது என்று முடிவெடுத்தேன்.

அந்தக் கண்டிப்பு என்னிடம் முழுதாகச் சேர்ந்த நாள் நாலாவது ஞாயிறு. மருமகள் எறிய, டொரோண்டோத் தம்பி இரண்டாவது தளத்துக்கும் மூன்றாவது தளத்துக்கும் நடுவே, ஆறாம் இலக்க இடத்தில் நின்றான். தான் எறியாத நாட்களில் அவனுக்கு அதுதான் இடம். அதுவரை அவன் தன் இரண்டு ஆட்டத்திலும் கொடுத்த ஓட்டங்கள் ஐந்து. அவள் நாலு. ஆறாவது இன்னிங்ஸில் எதிரணியில் இரண்டு பேர் ஆட்டமிழந்துவிட்டார்கள். இரண்டு பேர் தளங்களில் நின்றார்கள். இன்னும் ஒருவரை எடுத்தால் இன்னிங்ஸ் முடியும். மட்டைக்காரர் அடித்த பந்து நிலத்தோடு சீறிக்கொண்டு தம்பியின் வலப்பக்கம் போனது. அவன் முழு நீளத்துக்குப் பாய்ந்தான். பந்து கையுறையின் நுனியில் பட்டுப் புல்லுக்குள் ஓடியது. இரண்டு பேரும் ஓடி வந்துவிட்டார்கள். நான் பென்சிலை வைத்து எரர், ஆறு என்று எழுதினேன். எழுதுவதற்கு முன் மனதுக்குள் ஒரு கணக்கு நடந்தது என்பதை இன்று ஒளிக்கப் போவதில்லை. எரர் என்றால் அவள் நாலு, அவன் ஐந்து. ஹிட் என்றால் ஆறு, ஐந்து. கையுறையில் பட்ட பந்து பிடிக்கவேண்டிய பந்துதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயிற்சியாளரும் கண்டிப்பைத்தானே கேட்டார்.

ஆட்டம் முடிந்து சாமான்களைக் கட்டும்போது தம்பி வந்து என் தோளுக்கு மேலால் புத்தகத்தை எட்டிப் பார்த்தான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை புல்லின் பச்சை. சிரித்துக்கொண்டுதான் சொன்னான்: "அங்கிள், முதல் ஞாயிறு நான் எறியேக்க எல்லாரும் நல்ல பிள்ளையள், கோச் சொல்லித்தான் மாத்தினனீங்கள். அவ எறியேக்க நான் மட்டும் எரர்." கடைசி ரோல்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மருமகள் பக்கத்தில் நின்று கையுறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ரயிலில் எங்களுக்கு எதிரெதிர் இருக்கை கிடைத்தது. வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். நாலைந்து நிலையம் போன பிறகு புத்தகத்தைக் கேட்டாள். பக்கத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"மாமா, இது ஹிட்."

நான் பார்த்ததைத்தான் எழுதினேன் என்றேன். பந்து அவன் கையுறையில் பட்டதே என்றேன்.

"அவர் பாய்ஞ்சபடியாத்தான் பட்டது. வேற ஆரும் எண்டால் கிட்டவும் போயிருக்க ஏலாது. பட்டதுக்காக எரர் எண்டால் பாயாமல் நிண்டிருக்கலாம்."

விதியும் அதைத்தான் கேட்கிறது. சாதாரண முயற்சியில் எடுத்திருக்கக்கூடிய பந்தா என்பது மட்டுமே கேள்வி. அதை நான் வாசித்திருந்தேன், அடிக்கோடும் போட்டிருந்தேன். ஆனாலும் ஆட்டத்தை நன்றாகப் பார்த்தவன் நான்தான் என்று அவளிடம் சொன்னேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் பந்தைப் பாக்கேல்லை மாமா. என்னைத்தான் பாத்துக்கொண்டிருந்தனீங்கள்."

பல கோடைகாலம் ஸ்கோர் எழுதிய என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. யாருக்கும் அப்படிச் சொல்ல இடம் வைத்ததுமில்லை என்று நம்பியிருந்தேன். மாற்றினால் என்ன ஆகும் என்று தெரியுமா என்று கேட்டேன். "தெரியும். ஆறு, அஞ்சு. நானும் எண்ணினனான்," என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "முதல் வரியில வரவேணும்தான். அவரை எரர் ஆக்கிப்போட்டு வரவேண்டாம்," என்றாள். மடியில் இருந்த கை பொத்தியிருந்தது.

அழிறப்பரை எடுத்தேன். பென்சிலை அழுத்தி எழுதியிருந்தேன் போலும், எளிதில் போகவில்லை. அவள் புத்தகத்தின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டாள். ரயில் ஒரு வளைவில் குலுங்கியது. தாள் கிழிந்து துளை விழுந்தது. துளையின் ஓரத்தில், மிகச் சிறியதாக, ஹிட்டுக்குரிய கோட்டைப் போட்டேன். இரண்டு ஓட்டங்களையும் அவள் பெயருக்கு நேரே ஏற்றினேன். செவ்வாய் காலை வழமை போல அனுப்பினேன்.

புதன் பின்னேரம் நான் தங்கை வீட்டில் இருந்தபோது பயிற்சியாளரின் செய்தி வந்தது. இடம் டொரோண்டோத் தம்பிக்கு. மருமகள் மருந்துக்கடை வேலை முடிந்து வந்து அதை வாசித்துவிட்டு, மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அரை மணி நேரத்தில் இறங்கி வந்து தன் சீருடையின் காற்சட்டையைத் தோய்க்கப் போட்டாள். அவள் கண்ணைப் பற்றி நான் நாட்குறிப்பில் எதுவும் எழுதவில்லை. தங்கைதான் விடவில்லை. அதுவரை பேஸ்பாலில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றே தெரியாதவள், கோபப்படுவதற்குப் போதுமான அளவு ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். "அண்ணை, நீங்கள் எழுதினதை நீங்களே அழிச்சனீங்களோ? பிள்ளை சொன்னால் நீங்களும் தலையாட்டிறதோ?" என்று கேட்டாள். பிள்ளை சொன்னது சரி என்றேன். சரியெண்டு தனக்கும் விளங்குது, அதுதான் இன்னும் கோபம் வருகுது என்றாள். அவளுடைய ஆட்டிறைச்சி ரோல்ஸ் எனக்கு இரண்டு ஞாயிறு வரவில்லை.

அடுத்த ஞாயிறு தம்பி துளையைக் கண்டுவிட்டான். யார் மாற்றியது என்று கேட்டான். நான் நடந்ததைச் சொன்னேன். அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "இல்லை அங்கிள், நான் எடுத்திருக்கவேணும். கொஞ்சம் பிந்தித்தான் பாய்ஞ்சனான்," என்றான். தண்ணீர்ப் போத்தலோடு அந்தப் பக்கம் வந்த மருமகள், "பாய்ஞ்சது போதும், போய் எறியும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். தன் பிழையென்று தானே சொல்கிற இரண்டு பேருக்கு நடுவில், கையில் பென்சிலோடு நான் இருந்தேன். அன்றுபோல் என் வாழ்நாளில் ஒரு மைதானத்தில் எனக்கு நெஞ்சு நிறைந்ததில்லை. அன்று தம்பி ஐந்தாவது இன்னிங்ஸில் தடுமாறியபோது மருமகளைத்தான் கூப்பிட்டார்கள். தளங்கள் மூன்றிலும் ஆட்கள் நின்றார்கள். அவள் உதடு அசைந்தது. ஒருவரும் ஓட்டம் எடுக்கவில்லை. அவள் பெயர் இரண்டாவது வரியில்.

தம்பி அந்தப் புரட்டாதியில் படிப்பு முடித்து டொரோண்டோவுக்குத் திரும்பினான். அடுத்த சித்திரையில் பயிற்சியாளர் அவளிடம் பந்தைக் கொடுத்தார், போட்டி எதுவும் வைக்காமல். அன்றைய தாள் துளை விழுந்த தாளிலிருந்து நாற்பது தாள் அளவில் தள்ளி இருக்கிறது. மாற்றவேண்டி வரலாம் என்று எல்லாவற்றையும் பென்சிலால் எழுதுகிற நான், முதல் வரியில் அவள் பெயரை மட்டும் பேனாவால் எழுதினேன். படம் பிடித்து டொரோண்டோவுக்கும் அனுப்பினேன். "பேனையோ அங்கிள், அப்ப இனி அழிக்கேலாது," என்று பதில் வந்தது.

இப்போது கழகம் ஸ்கோரைக் கைத்தொலைபேசிச் செயலியில் பதிவு செய்கிறது. ஒரு தட்டுத் தட்டினால் எரர் ஹிட் ஆகிவிடும். மாற்றிய தடயம் இருக்காது. அது வசதிதான். நானும் பக்கத்தில் இருந்து இன்னொரு பச்சைப் புத்தகத்தில் எழுதுகிறேன், ஒருவரும் கேட்காவிட்டாலும். போன ஞாயிறு மருமகள் தொடங்கினாள். இப்போது அவள் மருந்தாளர்; ஞாயிறு வேலை வராமல் ஷிப்ட் மாற்றி வைத்திருக்கிறாள். நாலாவது இன்னிங்ஸில் ஒரு பந்து அதே ஆறாம் இடத்துக்காரரின் வலப்பக்கம் சீறிப் போனது. இப்போது அங்கே நிற்பவர் ஒரு புது ஆள். பாய்ந்தார். கையுறையின் நுனியில் பட்டது. ஓர் ஓட்டம் போனது. செயலியை வைத்திருந்தவர் எரரா ஹிட்டா என்று என்னைக் கேட்டார். பந்து எறியும் மேட்டில் நின்ற மருமகள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு என் கதிரையைப் பார்த்துத் திரும்பினாள்.

நான் அதற்கு முன்பே ஹிட் என்று எழுதி முடித்திருந்தேன். இந்தமுறை பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.